ஊர்க் கட்டணத்தில் பிரான்ஸில் ஒரு செமஸ்டர்

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் வாளையாறைத் தாண்டினால் எட்டிமடை. அங்குள்ள அமிர்தா பல்கலைக்கழகம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுடன் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் செய்திருக்கிறது. வாளையாறுக்குக் கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில், 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி. இரண்டுக்கும் அக்கம்பக்கத்தில்தான் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சித்தூர் தாலுகாவின் தமிழ் பேசும் ஊர்கள் இருக்கின்றன. தெற்கே மலையேறினால் மறையூர், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, வண்டிப்பெரியாறு.

இந்த ஊர்களில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசினால், அவர்கள் மனதில் வருவது ஒரே வழிதான்: ஏஜென்சி, லட்சக்கணக்கில் கடன், முழுப் பட்டம், பிறகு அங்கேயே வேலை. இதைவிடச் சிறிய, செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருந்துகொண்டு ஒரு செமஸ்டரையோ ஓர் ஆண்டையோ பிரான்ஸில் படித்துவிட்டு வருவது. பட்டம் இங்கே, மதிப்பெண்ணும் இங்கே வந்து சேரும். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் கட்டுப்படியாகக்கூடிய வழி இதுதான் என்பதால், இதன் நடைமுறையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பணக் கணக்கு

பரிமாற்றம் என்பது இரண்டு பல்கலைக்கழகங்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். நீ உன் மாணவரை அனுப்பு, நான் என் மாணவரை அனுப்புகிறேன், அவரவர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கட்டணம் கட்டட்டும் என்பது அதன் சாரம். பிரெஞ்சு அரசு 2019-இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணத்தைக் கூட்டியது. இளங்கலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ என்று தொடங்கி, பிறகு ஆண்டுதோறும் சற்று ஏறிவருகிறது. உள்நாட்டு மாணவர் அப்போது கட்டியது இளங்கலைக்கு 170 யூரோதான். ஒப்பந்தத்தின் கீழ் போகும் மாணவரை இந்தக் கூடுதல் கட்டணம் தொடாது. மாணவர்கள் பொதுவாக ஆண்டுக்குச் சுமார் நூறு யூரோ கட்டும் வளாக நலக் கட்டணத்திலிருந்தும் அவருக்கு விலக்கு உண்டு.

ஆகவே செலவு என்பது விமான டிக்கெட், விசா, அங்கே தங்கிச் சாப்பிடுவது. விசாவுக்காக மாதத்துக்குக் குறைந்தது 615 யூரோ கையிருப்பு காட்ட வேண்டும். ஐந்து மாதத்துக்கு 3,075 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல்.

மூணாறு, பீருமேடு தோட்டக் குடும்பங்களுக்கு இந்தத் தொகையின் அளவு மிக முக்கியம். பெரும்பாலான குடும்பங்கள் குடியிருப்பது தோட்டக் கம்பெனியின் லயத்தில். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தலைமுறைகளாக உழைத்தும் தம் பெயரில் ஒரு பட்டா இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறு வீதிகளை நிறைத்த தோட்டத் தொழிலாளிப் பெண்களின் பெம்பிளை ஒருமைப் போராட்டத்தில், இருபது சதவீத போனஸோடு சேர்த்து அந்தப் பெண்கள் பேசியது இந்த வாழ்க்கையைத்தான். பட்டா இல்லாத வீட்டுக்கு இருபது, முப்பது லட்சம் வெளிநாட்டுக் கல்விக் கடன் யார் தருவார்கள்? வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. ஒரு செமஸ்டருக்கான கையிருப்பு அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. பரிமாற்றத்துக்கென்று தனிக் கடன் கேட்டால் வங்கிக் கிளையில் தயங்கக்கூடும். படிப்பை முடிக்கத் தேவையான கல்விச் சுற்றுலா, புராஜெக்ட் போன்ற செலவுகளையும் அந்தத் திட்டம் ஏற்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, ஊர்ப் படிப்புக்கான கடனோடு சேர்த்துக் கேட்பது நல்லது. மேலாளரிடம் ஆறு மாதம் முன்பே பேசத் தொடங்க வேண்டும்.

அங்கே போன பிறகு சில பாரங்கள் குறையும். மூன்று மாதத்துக்கு மேல் படிக்கும் வெளிநாட்டு மாணவர் பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டில் கட்டணமின்றிப் பதியலாம். 'குரூஸ்' என்ற அரசு மாணவர் நல அமைப்பு நடத்தும் உணவகத்தில் ஒரு முழுச் சாப்பாடு மூன்றரை யூரோவுக்குள் கிடைக்கும். நீண்டகால மாணவர் விசா உள்ளவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிப் புறப்படக் கூடாது. வேலை கிடைக்க மாதங்கள் ஆகும். செமஸ்டரே நான்கைந்து மாதம்தான்.

உதவித்தொகை

இந்தியாவிலுள்ள பிரெஞ்சுத் தூதரகம் வழங்கும் ஷார்பாக் உதவித்தொகைதான் இதில் முதலில் பார்க்க வேண்டியது. 1992-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் பெயரில் அமைந்தது. முதுகலை முழுவதற்கும் ஒன்று, ஆய்வகப் பயிற்சிக்கு ஒன்று, பரிமாற்ற மாணவருக்கு ஒன்று எனப் பிரிவுகள் உண்டு. கிடைத்தால் மாதாந்திரத் தொகையோடு விசாக் கட்டணமும் மிச்சமாகும்.

எராஸ்மஸ் பிளஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம். 1987-இல் ஐரோப்பிய நாடுகளுக்குள் மட்டும் தொடங்கிய எராஸ்மஸ், பின்னர் மற்ற நாட்டு மாணவர்களுக்கும் விரிந்தது. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. எராஸ்மஸ் முண்டுஸ் என்ற முதுகலைத் திட்டத்துக்கு மாணவர் தாமே விண்ணப்பிக்கலாம். மாதம் 1,400 யூரோ உதவித்தொகையோடு இரண்டு ஆண்டு, இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம். அது முழுப் பட்டம். ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் பிளஸ் நிதிக்கு மாணவர் நேராக விண்ணப்பிக்க முடியாது. இரண்டு பல்கலைக்கழகங்களும் முன்கூட்டியே சேர்ந்து நிதி பெற்றிருக்க வேண்டும், சொந்தப் பல்கலைக்கழகம் மாணவரின் பெயரை முன்மொழிய வேண்டும்.

எங்கே சேர்கிறோம் என்பதில் இருக்கிறது

மாணவர்களும் பெற்றோரும் தவறவிடும் இடம் இதுதான். பிரான்ஸில் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது, நான் சேரப்போகும் பல்கலைக்கழகம் பிரான்ஸில் யாரோடு கையெழுத்திட்டிருக்கிறது, அந்த ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை. ஒப்பந்தம் இல்லையென்றால் எவ்வளவு மதிப்பெண் எடுத்தும் பயனில்லை. பிளஸ் டூ முடித்து அவசரமாகக் கல்லூரி தேடும் அந்த இரண்டு வாரத்தில், அறியாமலே இந்தக் கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது.

1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இணைவுக் கல்லூரியில் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் கையில். ஆகவே விசாரிக்க வேண்டியதும் பல்கலைக்கழகத்தில்தான். துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டு, தெரியாது என்றதும் திரும்பிவிடக் கூடாது.

கோட்டயத்தில் பிரான்ஸ் தொடர்பு ஏற்கெனவே இருக்கிறது. அங்கே துணைவேந்தராக இருந்த பாலிமர் அறிவியலாளர் சாபு தாமஸும் அவருடைய குழுவினரும் லோரியான் நகரிலுள்ள தென் பிரெத்தாஞ் பல்கலைக்கழகத்தோடு நெடுங்காலம் கூட்டாய்வு செய்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டமும் அளித்தது. அந்த உறவு வளர்ந்தது ஆய்வாளர்களின் மட்டத்தில். இளங்கலை மாணவருக்கு, அதிலும் மலைமேல் உள்ள இணைவுக் கல்லூரி மாணவருக்கு அது எட்ட வேண்டுமானால் பல்கலைக்கழகம் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். எடுக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இப்போது சட்டத் தடை என்று காரணம் காட்ட முடியாது. கேரளத்தில் நான்காண்டு இளங்கலைத் திட்டம் 2024 ஜூலை 1 அன்று தொடங்கிவிட்டது. வேறு நிறுவனத்தில் ஈட்டிய கிரெடிட்டை ஏற்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளும் வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுப் படிப்புகளை நடத்த வழி செய்திருக்கின்றன.

கிரெடிட், காலண்டர்

ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊர்க் கிரெடிட்டின் கணக்கு வேறு. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைப் புறப்படும் முன்பே எழுதி, மாணவர், ஊர்ப் பல்கலைக்கழகம், பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திடும் தாளுக்குப் படிப்பு ஒப்பந்தம் என்று பெயர். இது கையில் இல்லாமல் விமானம் ஏறினால், திரும்பி வந்து அதே பாடங்களை மறுபடி எழுத நேரும்.

மதிப்பெண்ணைப் பார்த்தும் பலர் மிரள்வார்கள். பிரான்ஸில் இருபதுக்குத்தான் மதிப்பெண், பத்து எடுத்தால் தேர்ச்சி, பதினாறு எடுத்தால் மிகச் சிறப்பு. இருபதுக்குப் பதின்மூன்றை நூற்றுக்கு அறுபத்தைந்து என்று நேராக மாற்றினால் மாணவருக்குப் பெரிய அநியாயம். எப்படி மாற்றுவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

காலண்டரும் ஒத்துப்போகாது. கேரளக் கல்லூரி ஜூன், ஜூலையில் திறக்கும். பிரான்ஸில் ஆண்டு செப்டம்பரில் தொடங்கும், இரண்டாம் செமஸ்டர் ஜனவரியில். ஜூலையில் ஒரு செமஸ்டரைத் தொடங்கிவிட்டு செப்டம்பரில் புறப்படுபவர் இன்டர்னல் தேர்வுகளை இழப்பார். எந்தச் செமஸ்டரில் போனால் சேதம் குறைவு என்பதைத் துறையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பொறியியல், மேலாண்மை, அறிவியல் முதுகலைகளில் ஆங்கில வழி வகுப்புகள் கிடைக்கும். இளங்கலையிலும் கலைப் பாடங்களிலும் பெரும்பாலும் பிரெஞ்சுதான், பி1 அல்லது பி2 நிலை கேட்பார்கள். அந்த நிலையை எட்ட ஓராண்டுக்குக் குறையாத உழைப்பு வேண்டும். கல்லூரியில் இரண்டாம் மொழியாகத் தமிழை எடுத்த மாணவர் பிரெஞ்சுக்காக அதை விட்டுவிட வேண்டியதில்லை. புதுச்சேரி, சென்னை, திருவனந்தபுரம் அலியான்ஸ் பிரான்சேஸ் மையங்கள் பிரெஞ்சு கற்பிக்கின்றன.

எல்லையோரத்துக்கே உரிய காகிதச் சிக்கல்

பிரான்ஸ் மாணவர் விசாவுக்கு முதலில் காம்பஸ் பிரான்ஸ் இணையதளத்தில் பதிந்து, பிறகு விசா மையத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். கொச்சியில் மையம் இருக்கிறது. பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபின் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் விசாவைச் செல்லுபடியாக்க வேண்டும். இதை மறந்தவர் சட்டப்படி அங்கே தங்கும் உரிமையை இழப்பார்.

எல்லையோர மாணவருக்கு இடிப்பது பெயரில். அப்பா தமிழ்நாட்டில் பிறந்து படித்தவர், பிள்ளை கேரளத்தில். ஆதாரில் இனிஷியல் முன்னால், எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். தமிழிலிருந்து ஒரு எழுத்துக்கூட்டல், மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொன்று. முருகன் ஓர் ஆவணத்தில் 'ஜி' போட்டும் இன்னொன்றில் 'கே' போட்டும் இருப்பார். இருவரும் ஒருவரே என்று கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸர் சான்று தருவார். அக்‌ஷயா மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று போன்றவற்றையும் ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்கிவிட்டால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளித்திருக்கிறது. மனு எழுதத் தயங்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

பாரிஸில் தமிழ்

எட்ட வேண்டிய ஒப்பந்தம் ஒன்று உண்டு. பாரிஸில் கீழைமொழிகளுக்கென்று 1795-இல் தோன்றிய கல்வி நிறுவனம் இன்று இனால்கோ என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே தமிழ் ஒரு பாடம். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பரிபாடலை பிரெஞ்சில் பெயர்த்து 1968-இல் வெளியிட்ட பிரான்சுவா குரோவின் பெயரைத் தமிழ்த் துறைகள் அறியும். பாரிஸில் லா ஷப்பல் பகுதிக்குப் போனால் ஈழத்தமிழர் கடைகளும், கோடை முடிவில் தேரோடும் மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கின்றன.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. தமிழ் கற்கும் பிரெஞ்சு மாணவர்களுக்குப் பேச்சுத் தமிழ் கேட்கும் ஊர் வேண்டும். தமிழில் முதுகலை படிக்கும் எல்லையோர மாணவருக்குப் பாரிஸிலுள்ள மொழியியல், சுவடியியல் பயிற்சி வேண்டும். இரு பக்கமும் கொடுக்க ஏதோ இருக்கும் இடத்தில்தான் பரிமாற்றம் நிலைக்கும். கோழிக்கோடு பல்கலைக்கழகமும் இனால்கோவும் இதற்காக ஒரு முறை பேசிப் பார்க்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் பொறியியலுக்கு மட்டுமல்ல, தமிழுக்காகவும் பாரிஸ் போக முடியும்.

இன்னொரு பயனும் இருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியப் பிரதமரின் பாரிஸ் பயணத்தின்போது பிரான்ஸ் ஒன்றை அறிவித்தது. முதுகலை முடித்த இந்தியர் பிரான்ஸில் ஒரு செமஸ்டராவது படித்திருந்தால், ஐந்தாண்டு செல்லும் குறுகியகால ஷெங்கன் விசா பெறலாம். 2030-க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது என்ற இலக்கும் அப்போது வந்ததே.

செப்டம்பரில் போக நினைப்பவரின் பெயரை ஊர்ப் பல்கலைக்கழகம் பொதுவாக மார்ச், ஏப்ரலில் பிரான்ஸுக்கு அனுப்பும். ஜனவரியில் போக நினைப்பவரின் பெயர் முந்தைய அக்டோபரில் போகும். அதற்கு முன் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், பெயர்ச் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும், படிப்பு ஒப்பந்தத்தின் முதல் வரைவு துறைத்தலைவர் மேசையில் இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர் இந்த வாரமே பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். பிரான்ஸில் எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, இணைவுக் கல்லூரி மாணவர் விண்ணப்பிக்கலாமா என்று இரண்டே கேள்விகள் கேட்டு.