கண்ணாடி உண்டியலில் சித்தப்பாவின் காசு!

"ஏண்டா, நீ பி.காம்.தானே படிச்சே? இதைக் கொஞ்சம் பாரு" என்று செல்போனை நீட்டினார் சித்தப்பா.

எங்கள் குடும்பத்தில் பி.காம். படித்தவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. கரண்ட் பில் ஜாஸ்தி வந்தாலும் சரி, மொய்க் கணக்கு உதைத்தாலும் சரி, அவனைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது பிட்காயின்!

விஷயம் இதுதான். ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் 2 லட்ச ரூபாயை சித்தப்பா ஒரு கம்பெனியிடம் கொடுத்திருக்கிறார் (பெயர் வேண்டாம்!). ஆறே மாதத்தில் அவர்களுடைய ஆப்பில், 'உங்கள் இருப்பு 0.05 பிட்காயின். மதிப்பு நாலு லட்சத்துச் சொச்சம்' என்று பச்சை எழுத்து மின்னுகிறது. தினமும் காபிக்கு முன்னால் அதைப் பார்ப்பதுதான் அவருக்கு சுப்ரபாதம். சித்திக்கு எதுவும் தெரியாது.

"எடுக்கலாம்னு கேட்டேன். முதல்ல வரி 40,000 கட்டுங்கன்னு சொல்றான். கட்டிடலாமா?"

"கட்டறது இருக்கட்டும். காசு எந்த அட்ரஸ்ல இருக்குன்னு சொல்லியிருக்கானா?"

காட்டினார். 'பிசி1' என்று ஆரம்பித்து, எழுத்தும் எண்ணுமாக நாடி ஜோசியர்கூட படிக்க முடியாத ஒரு நீள வால். கீழே, 'உங்கள் பிட்காயின் இந்த முகவரியில் பத்திரமாக உள்ளது' என்று உத்தரவாதம் வேறு!

இங்கே ஒரு சின்ன பாடம். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

பிட்காயின் முகவரி என்பது கண்ணாடியில் செய்த உண்டியல் மாதிரி. யார் வேண்டுமானாலும் போடலாம். யார் வேண்டுமானாலும் வெளியே நின்று எண்ணலாம். திறக்க மட்டும் சாவி வைத்திருப்பவரால்தான் முடியும். 2009 ஜனவரி 3-ல் ஆரம்பித்த கணக்குப் புத்தகம் இன்றுவரை ஒரு வரி விடாமல் அப்படியே இருக்கிறது. 600 ஜி.பி.க்கு மேல் வீங்கிவிட்ட அந்தப் புத்தகத்தை நாம் புரட்ட வேண்டியதில்லை. அதற்கென்றே 'எக்ஸ்ப்ளோரர்' என்று சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. பிட்காயினுக்கு மெம்பூல் டாட் ஸ்பேஸ், ஈதருக்கு ஈதர்ஸ்கேன். முகவரியைப் போட்டால் இருப்பு வந்துவிடும். பாஸ்வேர்டு கிடையாது, கட்டணம் கிடையாது.

என் பி.காம். மூளைக்கு அதிர்ச்சி கொடுத்தது வேறொன்று. அந்தப் புத்தகத்தில் 'பேலன்ஸ்' என்ற பத்தியே கிடையாது! வரவும் செலவும்தான் உண்டு. இந்த முகவரிக்கு வந்த காசுகளில் இன்னும் செலவாகாதவை எவை என்று தேடிப் பிடித்து, கூட்டிச் சொல்வதுதான் சாஃப்ட்வேரின் வேலை.

இதில் ஒரு சூட்சுமம். 100 ரூபாய் நோட்டைக் கொடுத்து 30 ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினால், மீதி 70 கைக்கு வரும். பிட்காயினிலும் மீதி வரும். ஆனால், பெரும்பாலும் புது முகவரிக்கு வரும். அதனால் பழைய முகவரி சைபர் காட்டினாலே ஆள் போண்டி என்று நினைத்துவிடாதீர்கள். வந்து போன தடயம் மட்டும் அழியவே அழியாது. 2010 மே 22-ல் அமெரிக்காவில் லாஸ்லோ ஹன்யெக்ஸ் என்பவர் இரண்டு பீட்ஸாவுக்காக 10,000 பிட்காயின் கொடுத்தாரே, அந்த வரி இன்றும் அங்கே இருக்கிறது. பாவம், ஜீரணமான பிறகும் மனிதரை விடவில்லை!

இதைவிட வேடிக்கை, சடோஷி நகமோட்டோவின் முதல் முகவரி. அதற்கு வந்த முதல் 50 பிட்காயினை யாராலும் செலவழிக்கவே முடியாது. அப்படியும் பக்தர்கள் காணிக்கை போட்டபடி இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் யாரோ ஒரு புண்ணியவான் 26 பிட்காயினுக்கு மேல் போட்டிருக்கிறார்!

ஒரு எச்சரிக்கை. இருப்பைப் பார்க்க முகவரி மட்டும் போதும். 'உங்கள் 12 ரகசிய வார்த்தைகளைச் சொல்லுங்கள், பேலன்ஸ் பார்த்துச் சொல்கிறோம்' என்று எந்த சாஃப்ட்வேராவது கேட்டால், எடுங்கள் ஓட்டம். உண்டியலை எண்ண வந்தவனுக்கு சாவி எதற்கு?

சரி, சித்தப்பாவிடம் வருவோம். முகவரியை எக்ஸ்ப்ளோரரில் போட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இருப்பு: 0. இதுவரை வந்தது: 0. பரிவர்த்தனைகள்: 0.

செலவாகிப்போன சைபர் இல்லை. ஒரு நாளும், ஒரு பைசாவும் அங்கே வந்ததே இல்லை. ஆப்பில் மின்னிய பச்சை எழுத்து, வெறும் எழுத்து.

"சர்வர் மெதுவா இருக்குமோ?" என்றார் சின்னக் குரலில். எனக்கு பதில் சொல்ல வாய் வரவில்லை.

40,000 தப்பித்தது. 1930-க்கு போன் போட்டுப் புகார் கொடுத்தோம். அந்த 2 லட்சம் திரும்புமா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அன்று ராத்திரியே சித்தியிடமும் சொல்லியாக வேண்டியிருந்தது. சித்தி கத்தவில்லை. அழவுமில்லை. இரண்டு நாள் காபியில் சர்க்கரை மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் நான் போனபோது, அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து சித்தப்பா முன்னால் வைத்தாள்.

"இதுல 3,200 ரூபா இருக்கு. மாத்திரை வாங்கிக்குங்க. மூடியைத் திறந்தா பேலன்ஸ் தெரியும். இவனைக் கூப்பிட வேண்டாம்!"