10 கிலோ குறைந்தால் ஒரு குதிரைத்திறன் லாபம்! குட்டி ரேஸ் பைக்குகளின் 'எலும்புக்கூடு' ரகசியம்

"150 சி.சி. வண்டி எல்லாம் ஒரு ரேஸ் பைக்கா?" என்று சிலர் சிரிப்பது உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் நாளில் ஒரு தடவை போய் நின்று பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஒரே வளைவில் நாலைந்து வண்டிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு, முழங்கால் தரையில் தேயும் அளவுக்குச் சாய்ந்து பறக்கும். ஜெயிப்பவருக்கும் தோற்பவருக்கும் நடுவே சில சமயம் கண் இமைக்கும் நேரம்தான் வித்தியாசம்.

என்ஜின் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு எங்கிருந்து வருகிறது அந்த வித்தியாசம்? ஓட்டுபவரின் திறமை பாதி. மீதிப் பாதி, நம்மில் பலர் திரும்பிக்கூடப் பார்க்காத இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று வண்டியின் எடை. இன்னொன்று 'சேசிஸ்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் பிரேம்.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னைக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அப்போதெல்லாம் சோழவரத்தில் கைவிடப்பட்ட பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் "சோழவரம் ரேஸ்" என்றால் கதை கதையாகச் சொல்வார்கள்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டை பந்தயச் சாலை வந்தது. சுற்று ஒன்றுக்கு சுமார் 3.7 கி.மீ. மொத்தம் 12 வளைவுகள். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீடுவே இதைவிடச் சின்னது, சுமார் 2.1 கி.மீ.தான். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் பந்தய அணி 1982-ல் இருந்து களத்தில் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டுப் பந்தயங்களில் பெரிய என்ஜின் வண்டிகள் குறைவு. 165 சி.சி. வரையிலான பிரிவும், 300 முதல் 400 சி.சி. வரையிலான பிரிவும்தான் கூட்டம் சேர்ப்பவை. சின்ன என்ஜின் என்பதால் அலட்சியமாக நினைக்க வேண்டாம். எடையும் பிரேமும் சரியாக இல்லாவிட்டால் இங்கே பிழைக்கவே முடியாது.

எடைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஒரு கணக்கு பார்ப்போம். 2008-ல் வந்த யமஹா ஆர்15 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சக்தி சுமார் 17 குதிரைத்திறன். எடை சுமார் 130 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ. மொத்தம் 195 கிலோ.

இதில் 10 கிலோ குறைத்தால் 185 கிலோ ஆகும். வண்டி சீறிக் கிளம்பும் வேகம் சுமார் 5 சதவீதம் கூடும். அதாவது என்ஜினில் கிட்டத்தட்ட ஒரு குதிரைத்திறனைக் கூடுதலாகச் சேர்த்ததற்குச் சமம்!

150 சி.சி. என்ஜினில் ஒரு குதிரைத்திறனைக் கூட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. விதிமுறைகள் கையைக் கட்டிப்போடும். செலவு ஜாஸ்தி. என்ஜின் சூடாகி மடங்கும் ஆபத்தும் உண்டு. ஆனால் எடையைக் குறைப்பது அப்படி இல்லை. அதனால்தான் ரேஸ் வண்டியில் ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, சைடு ஸ்டாண்டு, பின்சீட்டு கால்மிதி எல்லாவற்றையும் முதல் வேலையாகக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கனமான சைலன்சர் போய், லேசான சைலன்சர் வருகிறது.

பிரேக் போடும்போதும் இதே லாபம்தான். லேசான வண்டி சீக்கிரம் நிற்கும். எதிராளியைவிடச் சில அடி தள்ளிப்போய் பிரேக் பிடிக்கலாம். ஆனால் நேர் ரோட்டில் உச்ச வேகத்துக்கு எடை பெரிய தடை இல்லை. அங்கே எதிரி காற்றுதான். அதனால்தான் வீரர்கள் டேங்க்மேல் படுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

மொபட் எடையில் ராக்கெட்

உலக அளவில் இது எந்த எல்லைக்குப் போயிருக்கிறது தெரியுமா? ஹோண்டாவின் என்.எஸ்.எப்.250ஆர் என்ற பந்தய பைக்கின் எடை சுமார் 84 கிலோ. நம்ம ஊரில் காய்கறி மூட்டை ஏற்றிப்போகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.100 மொபட்டின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

ஆனால் மொபட்டின் சக்தி 4 குதிரைத்திறனைக் கொஞ்சம் தாண்டும். இந்த ஹோண்டாவுக்கோ சுமார் 48. ஆள் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆர்15 வண்டியில் ஒரு குதிரைத்திறன் சுமார் 11 கிலோவை இழுக்க வேண்டும். இதில் வெறும் 3 கிலோதான். 2019-ல் நம் நாட்டு இளம் வீரர்களுக்காக ஹோண்டா நடத்திய பந்தயத் தொடரில் இந்த வண்டிகள் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடின.

வண்டி இப்படி லேசாகிவிட்டால் ஓட்டுபவரின் எடையே பெரிய பிரச்சினை ஆகிவிடும். 50 கிலோ வீரருக்கும் 70 கிலோ வீரருக்கும் 20 கிலோ வித்தியாசம். இது அநியாயம் அல்லவா? அதனால் உலகப் போட்டியின் மோட்டோ3 பிரிவில் வண்டியும் வீரரும் சேர்ந்து 152 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி வைத்தார்கள். வீரர் ஒல்லியாக இருந்தால் வண்டியில் எடைக்கட்டி வைக்க வேண்டும்.

எடை எவ்வளவு என்பதோடு முடியவில்லை. எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் பெண்கள் சர்வ சாதாரணமாக நடப்பார்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் நாலு அடி தாங்குமா? வண்டியும் அப்படித்தான். கனமான பாகங்கள் நடுவில் குவிந்திருந்தால் சட்டென்று திரும்பும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் 1 கிலோ, வேகம் எடுக்கும்போது 2 கிலோ மாதிரி வேலை கொடுக்கும். ஏனென்றால் அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும்.

பிரேம் என்ன செய்கிறது?

பைக்கில் இரண்டு இடங்கள் உயிர்நாடி. ஒன்று, ஹேண்டில்பார் திரும்பும் 'கோன் செட்' இருக்கும் தலைப்பகுதி. மற்றொன்று, பின்சக்கரத்தைத் தாங்கும் 'ஸ்விங் ஆர்ம்' பொருந்தும் இடம். இந்த இரண்டையும் ஒரே நேர்கோட்டில், முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதுதான் பிரேமின் வேலை.

கால் ஆடும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கும். பிரேம் அப்படி முறுக்கினால் வளைவில் முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும். வண்டி நெளியும். ஓட்டுபவர் பயந்து ஆக்சிலேட்டரைக் குறைப்பார்.

பெரிய வண்டிக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. வளைவு முடிந்ததும் முறுக்கினால் பாய்ந்துவிடும். சின்ன வண்டிக்கு அந்த வசதி இல்லை. வளைவில் மணிக்கு 5 கி.மீ. வேகம் இழந்தால், 17 குதிரைத்திறன் வண்டி அதைத் திரும்பப் பிடிக்கத் தோராயமாக ஒரு நொடி ஆகும். 12 வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கதை முடிந்தது. வளைவில் வேகத்தை விடாமல் காப்பாற்றிக் கொண்டு போவதுதான் குட்டி வண்டிப் பந்தயத்தின் தாரக மந்திரம். அதைக் கொடுப்பது என்ஜின் இல்லை, பிரேம்தான்.

முன் போர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இரண்டு சக்கரங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்பதும் பிரேமில்தான் முடிவாகிறது. அந்தக் குட்டி ஹோண்டாவில் இந்த தூரம் சுமார் 1.22 மீட்டர். ராயல் என்பீல்டு கிளாசிக் 350-ல் 1.39 மீட்டர். குட்டையாக இருந்தால் சடாரென்று திரும்பும். நீளமாக இருந்தால் நேர் ரோட்டில் அசையாமல் போகும்.

இரும்பா, அலுமினியமா?

இரும்பின் எடை ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 7.8 கிராம். அலுமினியம் 2.7 கிராம்தான். அப்படியானால் அலுமினியம்தானே பெஸ்ட் என்று தோன்றும். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவு குழாயை அலுமினியத்தில் செய்தால் வளைந்து கொடுத்துவிடும்.

பிறகு எப்படி? குழாயைப் பெரிதாக்க வேண்டும். தகட்டின் கனத்தை மாற்றாமல் குழாயின் அகலத்தை மட்டும் இரண்டு மடங்கு ஆக்கினால் எடை 2 மடங்குதான் கூடும். விறைப்போ சுமார் 8 மடங்கு கூடும். இந்தக் கணக்கை வைத்துத்தான் என்ஜினின் இரண்டு பக்கமும் அகலமான பெட்டி மாதிரி ஓடும் 'ட்வின் ஸ்பார்' பிரேம் வந்தது.

1980-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் ஸ்பெயின் நாட்டு என்ஜினீயர் அந்தோனியோ கோபாஸ். அவருடைய ஜே.ஜே. கோபாஸ் அணி ஜப்பான் கம்பெனிகளுக்கு முன்னால் ஒரு சுண்டைக்காய். ஆனால் 1989-ல் அந்த பைக்கில் ஏறி 125 சி.சி. உலக சாம்பியன் பட்டத்தை அடித்துச் சென்றார் 19 வயது வாலிபர் அலெக்ஸ் கிரிவில்லே. அவரேதான் பிறகு 1999-ல் 500 சி.சி. பிரிவிலும் உலக சாம்பியன் ஆனார்.

யமஹாவின் 'டெல்டா பாக்ஸ்' பிரேமும் இதே வழியில் வந்ததுதான். நம்ம ஊர் ஆர்15-ல் அதே வடிவம் இரும்பில் செய்யப்பட்டிருக்கிறது.

இரும்பு தோற்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. உயர் மின்அழுத்தக் கோபுரத்தைப் பாருங்கள். மெல்லிய கம்பிகள்தான். ஆனால் முக்கோணம் முக்கோணமாகக் கோர்த்திருப்பதால் புயலுக்கும் நிற்கிறது. அதே யுக்திதான் 'டிரெல்லிஸ்' பிரேம். கே.டி.எம். நிறுவனம் இந்த இரும்புப் பிரேமை வைத்தே 2012, 2013 இரண்டு ஆண்டும் மோட்டோ3 பட்டத்தைத் தட்டிச்சென்றது. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர்310 வண்டியிலும் டிரெல்லிஸ் பிரேம்தான்.

விறைப்பு அதிகமானாலும் ஆபத்து

விறைப்பாக இருந்தால் நல்லது என்று கண்டபடி முட்டுக் கொடுக்கவும் முடியாது. நேராகப் போகும்போது ரோட்டு மேடுபள்ளத்தை ஷாக் அப்சர்பர் தாங்கிக்கொள்ளும். வண்டி முழுக்கச் சாய்ந்திருக்கும்போது குலுக்கல் பக்கவாட்டில் வரும். அங்கே ஷாக் அப்சர்பரின் வேலை பாதி கூட நடக்காது. அப்போது பிரேம்தான் கொஞ்சம் நெளிந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் தரையில் தாவித் தாவிப் பிடியை விட்டுவிடும்.

ஆக, பிரேக் பிடிக்கும்போது இரும்புக் கோட்டையாகவும், சாயும்போது மூங்கில் மாதிரியும் இருக்க வேண்டும். அந்தப் பதத்தைப் பிடிப்பதுதான் என்ஜினீயர்களின் கில்லாடித்தனம்.

தெருவில் வேண்டாம் விஷப்பரீட்சை

ரேஸ் வண்டியைப் பார்த்துவிட்டுத் தெருவில் பிரேமை அறுக்கும் பசங்களுக்குத்தான் இந்தப் பகுதி. பின்பக்கப் பிரேமை வெட்டிக் குறைப்பது, முன் போர்க்கை மாற்றி வெல்டிங் வைப்பது என்று சில இடங்களில் நடக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டி இரும்பின் குணம் மாறிவிடும். பல நேரம் வெல்டிங் வைத்த இடம் பிளக்காது, அதன் ஓரம்தான் விரிசல் விடும். கோன் செட் பக்கம் அப்படி விட்டால் ஓடும்போதே முன்சக்கரம் தனியாகப் போய்விடும்.

ஆம்புலன்ஸ், டாக்டர், காப்பு உடை எல்லாம் தயாராக இருக்கும் பந்தயச் சாலையிலேயே ஆபத்து உண்டு. 2023 ஆகஸ்டு மாதம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தில் கீழே விழுந்த 13 வயது சிறுவன் உயிரிழந்தான். எதிரே பஸ்சும் லாரியும் வரும் ரோட்டில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி செய்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ரோட்டில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவில் முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் ஒரு வருடம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

பழைய பைக் வாங்குபவர்கள் கவனிக்க...

ரேஸ் பக்கமே போகாதவர்களுக்கும் பிரேம் விஷயம் முக்கியம். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள்.

* கோன் செட் பக்கம் பெயிண்ட் சுருங்கியோ, விரிசல் விட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் மோதிய வண்டிக்கு அங்கேதான் அடையாளம் இருக்கும்.

* வண்டியை நேராக நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராக வைத்து, பின்சக்கரத்தில் இருந்து முன்சக்கரம் வரை நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

* ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் உஷார். டயர், பேரிங் காரணமாகவும் இருக்கலாம், பிரேம் கோணலாகவும் இருக்கலாம்.

* பிரேமில் பொறித்துள்ள சேசிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். அரத்தால் ராவிய தடம் இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

என்ஜின் கெட்டால் வண்டி நடுரோட்டில் நிற்கும். தள்ளிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். பிரேம் கெட்டால் அந்த வாய்ப்பு கிடைக்காது.