தடைச் சட்டத்தின் நிழலில் ஒரு நீதியரசர்

1776ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் இயற்றிக்கொண்ட அரசியல் சாசனத்தில் முப்பத்திரண்டாம் பிரிவு என ஒன்றிருந்தது. புரொட்டஸ்டாண்டு சமயத்தின் உண்மையை மறுப்பவர் எவரும் அரசுப் பதவி வகிக்கலாகாது என்பது அதன் கட்டளை. அதே மாநிலத்தில்தான் 1833இல் வில்லியம் காஸ்டன் என்னும் கத்தோலிக்கர் உச்ச நீதிமன்றத்து நீதியரசரானார்!

1778இல் நியூ பெர்ன் நகரில் பிறந்த அவருக்கு மூன்று வயது நிறையுமுன்னரே, சுதந்திரப் போரில் ஆங்கில அரசின் ஆதரவாளர்கள் தந்தையைக் கொன்றனர். ஆங்கிலேயக் கத்தோலிக்கரான அன்னை மார்கரெட்டே மகனை விசுவாசத்தில் வளர்த்தார். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் முதல் மாணவர் அவர். பின்னர் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, வழக்கறிஞராகப் புகழீட்டி, 1813 முதல் 1817 வரை நாட்டின் காங்கிரசில் உறுப்பினராயிருந்தார்.

முப்பத்திரண்டாம் பிரிவு கத்தோலிக்கரை விலக்கவில்லை எனப் பொருள்கொண்டே அவர் நீதிபதிப் பதவியை ஏற்றார். ஏற்றபின் வாளாவிருந்தாரா? இல்லை. 1835இல் கூடிய சாசனத் திருத்த மாநாட்டில், பதவிக்குச் சமயச் சோதனையே கூடாதென வாதாடினார். மாநாடோ ‘புரொட்டஸ்டாண்டு’ என்னும் சொல்லைக் ‘கிறிஸ்தவ’ என மாற்றியதோடு நின்றுவிட்டது. யூதர்களுக்கு அக்கதவு திறக்க 1868 வரை ஆயிற்று.

அவருடைய தீர்ப்புகளுள் 1834இல் வழங்கிய ஒன்று குறிப்பிடத்தக்கது. வில் என்னும் அடிமை, தன் ஓய்வு நேரத்தில் தானே செய்த மண்வெட்டிக் காம்பு பிறனிடம் கொடுக்கப்பட்டதைப் பொறாது அதை உடைத்தெறிந்தான். மேற்பார்வையாளன் அவனை முதுகில் சுட்டான். துரத்திப் பிடிக்க வந்தபோது நிகழ்ந்த கைகலப்பில் வில்லின் கத்திக்கு இரையானான். கீழ்மன்றம் மரண தண்டனை விதித்தது. அடிமையும் உயிரச்சமும் சினமும் உடைய மனிதனே என்று கண்ட காஸ்டன், அது கொலைக்குற்றம் ஆகாதெனத் தீர்த்து அவனைத் தூக்குக் கயிற்றினின்று மீட்டார்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. 1832இல் சேப்பல் ஹில் மாணவர்முன் அடிமைமுறையை ஒழிக்க வேண்டுமென முழங்கிய அதே காஸ்டன், தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அவருடைய நண்பர்கள் இதற்குச் சமாதானம் கூறியிருக்கலாம்; நமக்கு அது விளங்கவில்லை.

1838இல், விடுதலை பெற்ற கறுப்பரும் மாநிலத்தின் குடிமக்களே என்று அவர் தீர்ப்பளித்தார். 1844 ஜனவரி 23இல் காலமானார். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் குடிமக்களாக முடியாதென நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்த்தபோது, மாறுபட்டு எழுதிய நீதியரசர் கர்ட்டிஸ் சான்றாக எடுத்தாண்டவற்றுள் காஸ்டனின் அத்தீர்ப்பும் ஒன்று.