கண்ணாடி காட்டிய அஞ்சு

ஊட்டியில், காந்தல் குருசடிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. வெளியே சாரல். வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே அக்கா மகன் கேட்டான்: "மாமா, கோக்குவும் சைதாமாவும் மோதினா யாரு ஜெயிப்பா?" இரண்டு பேரும் ஜப்பானியக் காமிக்ஸ் நாயகர்கள். பக்கத்தில் அவன் கூட்டாளி. பதிலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட முகம்.

எங்கள் காலத்திலும் இதே வியாதி இருந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. பின்னால் லயன் காமிக்ஸில் ஸ்பைடர் வந்தான். மாயாவியா ஸ்பைடரா என்று சட்டையைப் பிடிக்கும்வரை போவோம். ஒருநாள் ஒருத்தன் கேட்டான்: "மாயாவி மறையணும்னா உடம்புல கரண்ட் பாயணும். சண்டை காந்தல்ல, மழை நாள்ல, கரண்ட் போன நேரத்துல நடந்தா?" அத்தோடு கூட்டம் கலைந்தது.

அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. யார் பெரியவன் என்பதற்கு முன்னால், எந்த இடம், எந்தக் கதையின் சட்டம் என்று கேட்க வேண்டும். 'டிராகன் பால்' கோக்கு அடி வாங்கி, தோற்று, வளர்கிறவன். சைதாமா ஒரே குத்தில் முடித்துவிட்டு அலுத்துக்கொள்கிறவன். சைதாமாவின் கதையே அதை வைத்துப் பண்ணும் கேலிதான். இவர்களை மோத விடுவது கபடிக்காரனையும் கேரம்காரனையும் ஒரே களத்தில் நிறுத்துவது மாதிரி.

"ஆனா நம்பர் இருக்கே மாமா!"

இருக்கிறது. கடற்கொள்ளையர் கதையான 'ஒன் பீஸ்'-இல் தலைக்கு விலை. ஆனால் எட்டு வயது ராபின் தலைக்கு 7 கோடியே 90 லட்சம் பெரி (அந்தக் கதையின் பணம்). பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த குழந்தை என்று அரசாங்கத்துக்குப் பயம். பின்னாளில் அவள் கூட்டத்தில் சண்டை போடும் சாப்பருக்கு முதலில் வெறும் 50. கப்பலில் வளர்க்கும் பிராணி என்று நினைத்துவிட்டார்கள். அது பயத்தின் விலை, பலத்தின் விலை இல்லை.

'டிராகன் பால்'-இல் பலத்துக்கே நம்பர் உண்டு. ஒற்றைக் கண்ணில் மாட்டும் ஸ்கவுட்டர் கண்ணாடி. பூமியில் இறங்கிய வேற்றுக்கிரக வில்லன் ராடிட்ஸ், துப்பாக்கியோடு நின்ற விவசாயியை அதில் பார்க்கிறான்: 5. குப்பை என்று ஒதுக்குகிறான். பிறகு கோக்குவின் மகன், குட்டிப் பையன் கோஹானைப் பார்த்தால் 710. அழுதுகொண்டிருந்தவன் கோபத்தில் வெடித்துக் கிளம்பும்போது 1,307. கோக்குவைப் பார்த்த இன்னொரு வில்லன் வெஜிட்டா கண்ணாடியைக் கையாலேயே நொறுக்குகிறான். ஜப்பானிய மூலத்தில் அந்த நம்பர் 8,000-க்கு மேல். ஆங்கில டப்பிங்கில் 9,000-க்கு மேல். குரல் மாறினாலே ஆயிரம் கூடுகிற தராசு!

இவர்களுக்கெல்லாம் மேலான வில்லன் பிரீசா தன் வாயாலேயே 5,30,000 என்று சொல்லிக்கொள்கிறான். அதற்கு மேல் எங்கே போவது? பிரீசாவோடு அந்தக் கணக்கையே கதையை வரைந்த தொரியாமா கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார். என்னைக் கேட்டால், அவர் நம்பர் போட்டதே பொய்யாக்கத்தான். கண்ணாடியை நம்புவது பெரும்பாலும் வில்லன்கள். பலத்தை அடக்கி வைக்கலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

பூமிக்குப் படையோடு வந்த பிரீசாவை ஒரு புதுப் பையன் மறிக்கிறான், ஞாபகம் இருக்கிறதா? சிப்பாய் ஒருவன் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். எவ்வளவு காட்டியது?

"அஞ்சு," என்றான் மருமகன் மெதுவாக. "டிரங்க்ஸ்."

அந்த அஞ்சுதான் பிரீசாவை வாளால் இரண்டாகப் பிளந்தது.

வர்க்கி ஊறி டம்ளருக்குள் விழுந்துவிட்டது. கூட்டாளி மட்டும் விடுவதாக இல்லை: "சரி அங்கிள், சைதாமாவை அந்தக் கண்ணாடில பார்த்தா எவ்வளவு காட்டும்?"