ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளும் ஆயக்குடி கொய்யாவும்

சென்னை அபிராமபுரம் போன்ற பகுதிகளின் பழக்கடைகளில், கண்ணில் முதலில் படும் இடம் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிளுக்கும் கிவிக்கும்தான். நம் கொய்யாவுக்கு ஓரத்துக் கூடை.

இறக்குமதியால் நேரடியாக அடிபடுபவர்கள் காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் விவசாயிகள். 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் விலகிய பிறகு, வரிதான் அவர்களுக்கு வேலி. ஆப்பிளுக்கு அது 50 சதவீதம். அமெரிக்க ஆப்பிளுக்கு 2019-ல் கூடுதலாக 20 சதவீதம் விதித்து, 2023 செப்டம்பரில் நீக்கினார்கள். ஈரான் ஆப்பிள் மலிவாக வந்து குவிந்ததால், 2023 மே மாதம் இன்னொரு வேலி போட்டார்கள். நம் துறைமுகத்துக்கு வந்து சேரும் விலை கிலோ 50 ரூபாயைத் தாண்டாவிட்டால் இறக்குமதி கூடாது. பூடானுக்கு மட்டும் விலக்கு.

இந்த வேலியால் ஆயக்குடி கொய்யா விவசாயிக்குப் பெரிய பலன் இல்லை. அவருடைய சிக்கல் வேறு. ஆக்சிஜனைக் குறைத்த குளிர்கிடங்கில் ஆப்பிள் மாதக்கணக்கில் இருக்கும். பழுத்த கொய்யா மூன்று, நான்கு நாளில் குழைந்துவிடும். அழுகினால் நட்டம் கடைக்காரருக்கு. அதனால் கெடாத பழத்துக்கே நல்ல இடம் தருகிறார். சத்தில் கொய்யா குறைந்ததல்ல. வைட்டமின் சி ஆப்பிளைவிடப் பல மடங்கு அதிகம். ஸ்டிக்கரும் தரச்சான்று அல்ல. அதிலுள்ள எண், பழத்தின் வகையைச் சொல்லும் விற்பனைக் குறியீடு மட்டுமே.

ஆகவே, கவனிக்க வேண்டியது அறுவடைக்குப் பிந்தைய வேலையை. கரும்பச்சை மாறி இளம்பச்சை வரும்போது, காலை வேளையில், காம்போடு பறியுங்கள். நிழலில் சூடு ஆறவிடுங்கள். அடிபட்டதையும் பழ ஈ தாக்கியதையும் கழித்து, பருமன் வாரியாகப் பிரியுங்கள். சாக்கில் திணிக்காமல், காகிதம் விரித்த பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்குங்கள். 8 முதல் 10 டிகிரி குளிரில் வைத்தால் இரண்டு வாரம் வரை தாங்கும்.

குளிர் அறை தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் முடியும். 2020-ல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. விவரங்களுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகுங்கள்.

வரியை ஏற்றுவதும் இறக்குவதும் டெல்லியின் கையில். பழம் கடைக்குப் போய்ச் சேரும் பக்குவம் நம் கையில்.