யார் அந்த அணில்?

ராத்திரி மணி ஒன்று. மறுநாள் காலையில் மாடல் எக்ஸாம். பாடம், ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’. மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில் கொசுக்கடியோடு நான். தி.நகர் மேன்ஷனில் மூணு பேர். அடையாறில் ரெண்டு பேர். எல்லோரும் ஆளுக்கொரு செல்போனில், ஒரே கூகுள் டாக்ஸ் பக்கத்தில்! ‘கன்வல்யூஷன்’ என்ற தலைப்புக்குக் கீழே, ‘புரியலை’, ‘சத்தியமா புரியலை’, ‘அம்மா மேல சத்தியமா புரியலை’ என்று மட்டும்தான் எழுதியிருந்தோம்.

அப்போதுதான் அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் ஒரு அணில் எட்டிப் பார்த்தது.

பெயர் சொல்லி லாக்-இன் பண்ணாமல் உள்ளே வருகிறவர்களுக்கு கூகுள் டாக்ஸ் ஏதாவது ஒரு விலங்கின் பெயரை வைத்துவிடும். ‘அனானிமஸ் யானை’, ‘அனானிமஸ் நரி’ என்கிற மாதிரி. அன்றைக்கு வந்தது அணில். கர்சர் துடித்தது. தமிழில் வார்த்தைகள் வந்து விழுந்தன.

‘மந்தைவெளி ஸ்டேஷன்ல நிக்கிறேன்னு வெச்சுக்க. எதிரும் புதிருமா ரெண்டு பறக்கும் ரயில் வருது. ரெண்டும் ஒரே நீளம். மூக்கும் மூக்கும் தொடறப்ப, ஒண்ணு மேல ஒண்ணு விழற நீளம் பூஜ்யம். அப்புறம் கூடிக்கிட்டே போகும். முழுசா மறைச்சதும் உச்சம். அப்புறம் அதே மாதிரி குறையும். வரைஞ்சு பாரு, முக்கோணம் வரும். ரெண்டு சதுரப் பல்ஸோட கன்வல்யூஷன் அவ்ளோதான். ஒண்ணைத் திருப்பிப் போடு, நகர்த்து, ஒண்ணு மேல ஒண்ணு விழற இடத்துல பெருக்கிக் கூட்டு.’

அஞ்சு நிமிஷம் யாருமே டைப் பண்ணவில்லை. அப்புறம் தி.நகரிலிருந்து ஒருத்தன் தட்டினான்... ‘டேய், யாருடா நீ? தெய்வமே!’

அணில் பதில் சொல்லவில்லை. ஓடிவிட்டது.

இந்தக் கதை புரியணும்னா, கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போகணும். மூணாவது செமஸ்டர் நடுவில், அந்தப் பாடத்தை எடுத்த சார் வேலையை விட்டுப் போய்விட்டார். ரெண்டு வாரம் வகுப்பே இல்லை. முதல் வாரம் ஜாலி. ரெண்டாவது வாரம் வயிற்றில் புளி. அப்புறம்தான் புது மேடம் வந்தார். வந்ததும் புரொஜெக்டரைப் போட்டு, என்பிடெல் வீடியோவை ஓடவிட்டார்.

என்பிடெல் பிறந்த கதை நம்ம ஏரியாவோடு சம்பந்தப்பட்டது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் 2003-ல் தொடங்கிய திட்டம் அது. அதை ஒருங்கிணைப்பதில் முக்கியப் பங்கு, அடையாறுக்குப் பக்கத்தில் மான்கள் துள்ளும் ஐஐடி மெட்ராஸுக்குத்தான். நாடு முழுக்க இன்ஜினீயரிங் காலேஜ்கள் பெருகின. அதே வேகத்தில் நல்ல ஆசிரியர்கள் பெருகவில்லை. ஐஐடி வகுப்பறைப் பாடத்தை எல்லோரும் இலவசமாகப் பார்க்கட்டும் என்பதுதான் யோசனை. அமெரிக்காவின் எம்ஐடி, தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது 2001-ல். ரெண்டே வருஷத்தில் நம்ம ஆட்களும் இறங்கிவிட்டார்கள். 2014 முதல் சர்டிஃபிகேட் கோர்ஸ்களும் உண்டு. பாடம் படிக்கக் காசு கிடையாது. பரீட்சை எழுதினால் மட்டும்தான் கட்டணம்.

இவ்வளவு பெருமை வாய்ந்த வீடியோ ஓடியபோது எங்கள் வகுப்பு என்ன செய்தது? தூங்கியது! ஃபேன் சத்தம், புரொஃபசர் குரல், கடைசி பெஞ்ச் குறட்டை... மூன்றும் சேர்ந்து ஒரு தாலாட்டு.

மேடம் லைட்டைப் போட்டார். “சினிமா பார்த்தா டைரக்டர் ஆயிடுவோமா? வீடியோ பார்த்தா பாடம் வந்துடுமா?” என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து சிஸ்டமே மாறியது.

எட்டு நிமிஷம் வீடியோ. அப்புறம் நிறுத்தம். நாலு நாலு பேராக உட்கார வேண்டும். நாலு பேருக்கு ஒரு போன் போதும். மொத்த வகுப்புக்கும் ஒரே டாக்குமென்ட். அதில் ரெண்டு கட்டம். இடது பக்கம் ‘புரிந்தது’. வலது பக்கம் ‘புரியாதது’. வலது பக்கத்தில் எது அதிகமாக இருக்கிறதோ, அதைத்தான் மேடம் போர்டில் நடத்துவார். ஐஐடி புரொஃபசர் எங்களிடம் திரும்பி, “இது புரிஞ்சுதா?” என்று கேட்க முடியாது. மேடத்தால் முடியும். வீடியோ ஒரு பாதி. மேடம் மறு பாதி.

ஆரம்பத்தில் கூத்துதான். ஒருத்தன் மொத்தப் பக்கத்தையும் பிங்க் கலருக்கு மாற்றினான். ஒருத்தன் பஞ்ச் டயலாக் எழுதினான். மூணாவது நாள் யாரோ எல்லாவற்றையும் அழித்தே விட்டார்கள். வகுப்பே ‘ஐயோ’ என்றது. மேடம் கூலாக ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்து, முந்தின நாள் பிரதியை மீட்டார். அதிலேயே இன்னொரு குட்டும் உடைந்தது. லாக்-இன் பண்ணி எழுதியவர்களின் கணக்கு அதில் அப்படியே இருக்குமே... முக்கால்வாசியை ரெண்டே ரெண்டு டாப்பர்கள்தான் எழுதியிருந்தார்கள்! மீதி அம்பது பேர் சும்மா வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

“எழுதாதவங்க சோம்பேறிகள்னு நான் நினைக்கலை. பயப்படறீங்க. பேர் போடாமலும் எழுதலாம். தமிழ்லயும் எழுதலாம்” என்றார் மேடம்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் நிறைய. அவர்களில் ஒருவன் எப்போதும் ஜன்னலோரக் கடைசி பெஞ்ச். கணக்கில் புலி. ஆனால் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். இங்கிலீஷில் தப்பு வந்தால் சிரிப்பார்களே என்று பயம். செமஸ்டர் தொடக்கத்தில் கேன்டீனில் ஒருநாள், “டிசி வாங்கிட்டு ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன். வீட்டுல கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டினாங்க. அதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை” என்றான். டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

மாடல் எக்ஸாம் முடிந்த மறுநாள், மேடம் அணில் எழுதியதை புரொஜெக்டரில் போட்டு, சத்தமாக வாசித்தார். “நான் நடத்தினதைவிட இது நல்லாயிருக்கு” என்றார். வகுப்பே கை தட்டியது. ஜன்னலோரக் கடைசி பெஞ்ச் மட்டும் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் மந்தைவெளியில் ரயில் ஏறுகிற ஆள் அவன்! யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூட்டாகச் சேர்ந்து எழுதுவது நமக்குப் புதுசும் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்ன? உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் சம்பளம் வாங்காமல், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படித்தான். சேதுவுக்கு மண் சுமந்த அணில்கள்!

சரி, உங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கணுமா? நாங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டது இது:

* ‘புரியாதது’ கட்டம் கட்டாயம் வேண்டும். ஏஐ-யிடம் கேட்டால் பத்து விநாடியில் நோட்ஸ் கொட்டும். ஆனால் உங்களுக்கு எந்த வரியில் முட்டுகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

* டாப்பர் மட்டுமே எழுதினால் அது நோட்ஸ். எல்லோரும் எழுதினால்தான் வகுப்பு. ஆளுக்கு ஒரு பத்தி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

* இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்து இல்லை. விக்கிப்பீடியா போன்ற இடங்களில் எடுத்தாளலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். யாரோ ஸ்கேன் பண்ணிய புத்தகம் அந்தக் கணக்கில் வராது.

* போனில் டேட்டா இல்லையா? கவலைப்படாதீங்க. தெரிந்தவர் வீட்டு வைஃபையில் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்கு, மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

ஆன்லைன் பாடம் இப்போது டைம்பாஸ் சமாச்சாரமும் இல்லை. ‘ஸ்வயம்’ தளத்தின் கோர்ஸ்களிலிருந்து ஒரு செமஸ்டருக்கு 20 சதவிகிதம் வரை கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம் என்று 2016-ல் விதி போட்ட யுஜிசி, 2021-ல் அதை 40 சதவிகிதமாக உயர்த்திவிட்டது. கூடவே உட்கார்ந்து, ‘எங்கேப்பா புரியலை?’ என்று கேட்க ஒரு ஆள் இல்லையென்றால், இதுவும் இன்னொரு அரியர்தான்.

செமஸ்டர் ரிசல்ட் வந்தது. எல்லோரும் பாஸ் என்று சொன்னால் அது சினிமா. சிலருக்கு அரியர் விழுந்தது. ஜன்னலோரக் கடைசி பெஞ்ச் பாஸ். டிசி பேச்சை அதற்கப்புறம் அவன் எடுக்கவே இல்லை.

இப்போது நாங்கள் அஞ்சாவது செமஸ்டர். போன வாரம் புதுப் பாடத்துக்குப் புது டாக்குமென்ட் திறந்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு முதல் பத்தி வந்து விழுந்தது. தமிழில்தான். அவசரமாக மேல் மூலையைப் பார்த்தேன்.

இந்த முறை அணில் இல்லை. அவனுடைய பெயர் இருந்தது.