தசையும் சுரக்கும்

சாப்பிட்டபின் இன்சுலினின் ஏவலால் ரத்தத்தைவிட்டு வெளியேறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைகள்தான். தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் இன்சுலின் வந்து சேர்ந்ததும், உள்ளே ஒதுங்கியிருக்கும் குளூட்-4 என்னும் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடுகின்றன. இன்சுலின் இருந்தும் இந்த வேலை சரிவர நடக்காத நிலைதான் 'இன்சுலின் எதிர்ப்பு'. இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் அழற்சி. வயிற்றுக்குள் கொழுப்பு மிஞ்சும்போது அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து கூடுகின்றன. அவை டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற புரதங்களைக் கசியவிடுகின்றன. காய்ச்சலோ வலியோ இல்லாமல் வருடக்கணக்கில் நீடிக்கும் அழற்சி இது. இன்சுலின் சொல்லும் சேதி தசைச் செல்லுக்குள் போய்ச் சேராதபடி டி.என்.எஃப்-ஆல்ஃபா இடைமறிக்கிறது.

தசையும் சும்மா இருப்பதில்லை. சுருங்கி விரியும்போது அது பல புரதங்களை ரத்தத்தில் கலக்கிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பென்டே பெடர்சனின் குழு இவற்றுக்கு 'மயோகைன்' என்று பெயர் வைத்தது. இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது இன்டர்லூக்கின்-6.

இங்கேதான் ஒரு குழப்பம். உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தத்தில் எப்போதும் சற்றுக் கூடுதலாக இருப்பதும் இதே இன்டர்லூக்கின்-6 தான். அப்படியானால் இது நல்லதா, கெட்டதா? அது எங்கிருந்து, எவ்வளவு நேரத்துக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. அழற்சியில் அது டி.என்.எஃப்-ஆல்ஃபாவோடு சேர்ந்து ஓயாமல் கசிகிறது. உடற்பயிற்சியிலோ தனியாகப் பல மடங்கு எகிறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது.

இந்த ஏற்றத்தின் பலனை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆரோக்கியமானவர்களுக்கு மிகச் சிறிய அளவில் பாக்டீரிய நச்சைச் செலுத்தினார்கள். ஓய்வாக இருந்தபோது அவர்களின் ரத்தத்தில் டி.என்.எஃப்-ஆல்ஃபா இரண்டு மூன்று மடங்கு ஏறியது. சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது நச்சைப் பெற்றவர்களுக்கு அது ஏறவில்லை. மிதிக்காமல் இன்டர்லூக்கின்-6-ஐ மட்டும் ஏற்றியபோதும் ஏற்றம் மட்டுப்பட்டது.

2019-இல் வந்த இன்னோர் ஆய்வில், தொப்பை உள்ளவர்கள் 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தார்கள். வயிற்றின் உட்கொழுப்பு குறைந்தது. ஆனால் இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தக் கொழுப்பு குறையவில்லை.

எல்லா மயோகைன்களும் இப்படி உதவுபவை அல்ல. மயோஸ்டேடின் தசை வளர்ச்சிக்குத் தடைபோடும். பயிற்சி அதன் அளவைக் குறைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. கூடவே இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. தசை சுருங்கினாலே இன்சுலின் உதவியின்றியும் குளூட்-4 மேலே வரும் என்பதால், இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கும் நடைப்பயிற்சி பலன் தரும். இன்சுலின் ஊசியோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பயிற்சியின்போது சர்க்கரை சட்டென இறங்கலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.